தாய்ப்பன்றிக்குப் பத்தியம் வைத்த கதை

நேற்று உங்களைப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கொட்டில் வாசலில் வரிசையாக நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். பொத்துங்கள், தப்பில்லை. கொஞ்ச நாள் போனால் அந்த வாசனை உங்களுக்குத் தெரியாது, உங்கள் வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். நான் பண்ணை வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் பாக்கியம் என் சட்டையைத் தனியாகத்தான் துவைக்கிறாள். பாக்கியம் என் மனைவி. இந்தக் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு, அது கடைசியில் வரும்.

தாய்ப்பன்றிகளுக்குத் தீனி வைப்பதைப் பற்றி உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு தவிடு, எவ்வளவு புண்ணாக்கு, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதெல்லாம் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்ததால்தானே உங்களை எடுத்தார்கள். நான் சொல்லப் போவது சுவரில் இல்லாத விஷயம். சினைப்பன்றியையும் பால் கொடுக்கிற பன்றியையும் பட்டினி போட்டுக் கெடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாசம் வைத்துக் கெடுத்தவர்களைத்தான் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பெயர் கிடையாது. வலது காதில் ஒரு வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு, கொட்டில் கதவைத் தூக்கிப் போடுகிற கழுத்து. ஆமாம், பன்றிதான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மடுல்கெல்லப் பக்கத்தில் நான் இருந்த தோட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. எனக்கும் பேர் வெட்டினார்கள், வேலை போயிற்று. அந்த நேரம் பார்த்து கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு துரைக்கு ஆள் தேவைப்பட்டது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கிப் பன்றி வளர்த்து, கண்டி ஓட்டல்களுக்கும் மற்றத் துரைமார் வீடுகளுக்கும் கறி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாகக் கிடைத்தது ஒரு வீடு. இரண்டு அறை, தனியாக ஒரு கதவு. லயத்து வரிசையில் ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் கதவைச் சாத்தித் திறப்பதே ஒரு சந்தோஷம். முதல் நாள் பாக்கியம் அதைச் சும்மாவே பலமுறை சாத்தித் திறந்தாள்.

பண்ணையின் நம்பிக்கையெல்லாம் அந்தக் காது வெட்டுப் பன்றியின் மேல்தான் இருந்தது. நல்ல இனம், கடல் கடந்து வந்த வம்சம். ஆனால் இரண்டு ஈற்றும் வீணாய்ப் போயின. ஒன்று நான் வருவதற்கு முன்னால், இன்னொன்று நான் வந்து சேர்ந்த புதிதில். பாதிக் குட்டி செத்தே பிறந்தது. பிழைத்தவற்றின் மேல் தாயே படுத்து நசுக்கிவிட்டது. இரண்டாம் ஈற்று போன அன்று துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தில் பழகிய தமிழில் பேசுவார், சுருக்கமாக இருக்கும்.

"இன்னும் ஒரு தரம் பாக்கும். இந்தப் பன்னி குட்டி வளக்க இல்லே, இறச்சிக் கடைக்குப் போகும். கொட்டில் மூடும். நீயும் போகும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க தொர."

நன்றாகவே விளங்கியது. அப்போது பாக்கியம் முழுகாமல் இருந்தாள். எங்கள் பிள்ளை அந்தக் கதவுக்குள் பிறந்து வளருமா, இல்லை கைக்குழந்தையாகவே கப்பலில் ஏறுமா என்பது ஒரு பன்றியின் வயிற்றில் போய் நின்றது.

அந்தப் பன்றிக்கு என்னதான் குறை என்று நான் பழசையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை, எல்லாம் கூடுதல். அது சினை என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு அந்த வேலியைத் தாண்டுவதில்லை. நம் சனங்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சி என்றால் மனது தாங்காது. பலாச்சுளை ஒரு பக்கம் வரும், ஈரப்பலாக்காய் ஒரு பக்கம் வரும், கோயில் பொங்கல் ஒரு பக்கம் வரும். "மாசமா இருக்கிற சீவன், என்ன ஆசப்படுதோ" என்று கேட்டுக்கொண்டே போடுவார்கள். அது எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டது. கொழுத்து, எழுந்து நிற்கவே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த உடம்போடு எப்படி ஈனும், ஈன்றால்தான் எப்படிக் குட்டிக்கு ஒதுங்கிப் படுக்கும்?

மூன்றாவது முறை சினை பிடித்ததும் வேலியைச் சுற்றி முள் கட்டினேன். யாரும் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தொடக்கத்தில் அளவாக வைத்தேன், தினம் சரிவில் நடக்க விட்டேன், வயிறு இறங்க இறங்கத்தான் தீனியைக் கூட்டினேன். ஊரில் எனக்கு வந்த பெயரைக் கேட்க வேண்டுமே. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைக் காயப்போடுகிற பாவி என்றார்கள். பாக்கியமும் விடவில்லை. "அந்த அளந்து வைக்கிற கையோட எனக்குப் பரிமாற வந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு மாங்காயைக் கடிப்பாள்.

கம்பளையிலிருந்து தவிடும் புண்ணாக்கும் கொண்டுவருகிற நானா மட்டும்தான் என் பக்கம். முஸ்லிம் வியாபாரி, நல்ல மனிதர். மாட்டுவண்டியை வாசல் படலைக்கு வெளியிலேயே நிறுத்தி மூட்டையை இறக்குவார், ஓர் அடி உள்ளே வைக்க மாட்டார். பன்றி என்ற சொல்லையும் வாயில் எடுக்க மாட்டார். ஆனால் விசாரிக்காமல் போகவும் மாட்டார்.

"என்ன தம்பி, உள்ளுக்குள்ளவ எப்பிடி? சொகமா?"

"சொகம் நானா. எளச்சிருக்கா, நல்லா நடக்குறா."

"அது போதும். நடக்கிற தாய்க்குப் பிரசவம் லேசு. எங்கட வீட்டு மாடும் அப்பிடித்தான்."

முதலில் பாக்கியத்துக்குத்தான் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. பிரசவம் பார்க்க மடுல்கெல்லயிலிருந்து என் மாமியார், பாக்கியத்தின் அம்மா, வந்திருந்தார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதி அவர் கையில் விழுந்தவை. அவர் ஒன்று சொன்னால் பெரிய கங்காணிகூட மறுபேச்சுப் பேச மாட்டார். வரும்போதே சுக்கு, பூண்டு, பெருங்காயம் என்று ஒரு மூட்டை கொண்டுவந்தார். பிள்ளை பிறந்த நேரம் முதல் பத்தியம் ஆரம்பமானது. பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, கெட்டிச் சோறு. தண்ணீர் மட்டும் நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான்.

"பச்ச ஒடம்புக்குத் தண்ணி ஆகாது. சன்னி கண்டுரும்" என்பார். பாக்கியத்தின் உதடு வெடித்திருந்தது. செம்பைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். எல்லாப் பெண்களும் கடந்து வந்ததுதானே என்று நானும் இருந்தேன்.

கொஞ்ச நாளில் காது வெட்டுக்காரி வைக்கோலை வாயால் அள்ளிப் படுக்கை போட ஆரம்பித்தாள். விடிந்து வெயில் ஏறும்போது ஈன்று முடித்தாள். பதினொரு குட்டி, பதினொன்றும் உயிரோடு. எழுந்து நின்று, மெதுவாகத் திரும்பி, ஒதுங்கிப் படுத்து, எல்லாவற்றையும் மடிக்கு விட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம், கொட்டிலுக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தேன். துரை காலைச் சாப்பாட்டுத் துண்டு கழுத்தில் தொங்க ஓடிவந்தார். என் தோளில் தட்டினார். நான் முள் கட்டியதைத் திட்டியவர்கள் எல்லாம் அதே முள்வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்கள்.

மாமியாரும் வந்தார். பன்றிக்கொட்டில் பக்கமே வராதவர், சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். குட்டிகளைப் பார்த்ததும் தலைப்பு தானாக இறங்கிவிட்டது. அப்புறம் அவர் கண் தொட்டியில் பட்டது.

"பெத்தவ முன்னால தொட்டி நெறயத் தண்ணியா? யாரு வச்சது?"

"நான்தான் அத்தை."

"மருமகனே, வயித்துக்குள்ள பார்த்துப் பார்த்துக் காப்பாத்துனீங்க. வெளிய வந்ததும் கொல்லப் பாக்குறீங்களே."

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். துரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன விளங்கியதோ, "கெழவி நெறயப் பிள்ள பாத்திருக்கு. சொல்ற மாதிரிச் செய்" என்று உத்தரவு போட்டார். தொட்டி வெளியே போனது. மாமியார் தன் கையாலேயே தவிட்டில் பூண்டும் சுக்கும் கித்துல் கருப்பட்டியும் தட்டிப் போட்டு, கெட்டி உருண்டை பிடித்து வைத்தார். தண்ணீர் ஒரு சிரட்டை அளவுதான். இவ்வளவு பாசமாக ஒரு பன்றிக்கு யாரும் மருந்து உருண்டை பிடித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், யார்மீதும் கோபப்பட வழியில்லாத தப்புதான் நம் தொழிலில் ஆபத்தான தப்பு.

முதல் உருண்டைகளை அவள் தின்றாள். மறுநாள் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் குப்புறப் படுத்து மடியை மறைத்துக்கொண்டாள். குட்டிகள் அவள் விலாவை முட்டி முட்டிக் கத்தின. அந்தச் சத்தத்தை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பாலுக்கு அடித்துக்கொள்கிற சத்தம் ஒன்று, பால் இல்லாமல் கத்துகிற சத்தம் வேறு. இரண்டாவது சத்தம் காதில் விழுந்தால் சாப்பிட உட்கார முடியாது. சுக்கைக் கூட்டினார் மாமியார். பூண்டைக் கூட்டினார். பசும்பாலைத் துணியில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தேன், துப்பிவிட்டன. தவிடு இறக்க வந்த நானா வண்டியை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பசிச்ச சத்தமல்லவா. எந்த வயித்துப் பசிக்கும் ஒரே சத்தந்தான்" என்று சொல்லி, முகம் வாடிப் போனார்.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த நாள் காலையிலேயே கண்டியிலிருந்து இறைச்சிக்காரரின் வண்டி வந்து படலையில் நின்றது. துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. "கயிறு எடுத்து வா" என்றார். நான் கயிறு எடுக்கப் போனேன். உண்மையைச் சொன்னால், கயிற்றை எடுத்தபோது பன்றியை நான் நினைக்கவில்லை, எங்கள் வீட்டுக் கதவைத்தான் நினைத்தேன்.

திரும்பி வருவதற்குள் கொட்டிலில் பெரிய சத்தம். கதவு கீலோடு பிடுங்கி எறியப்பட்டுக் கிடந்தது. பன்றி சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"குட்டிய விட்டுட்டு ஓடுது, பிடிங்க!" என்று எல்லோரும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். துரை ஓடினார், இறைச்சிக்காரர் ஓடினார், நான் கயிற்றோடு ஓடினேன். சரிவின் அடியில் பீலி இருந்தது. மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக இரவும் பகலும் தண்ணீர் விழுகிற இடம். அங்கே ஒரே ஒரு ஆள் நின்று குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார். யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார்தான்.

தறிகெட்ட வண்டி போல வந்த பன்றியைப் பார்த்ததும் அவர் துணிகளை வாரிக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் ஏறிவிட்டார். "மருமகனே, ஒங்க ஆளு வந்திருக்கா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அவர் போட்ட சத்தம் அம்பிட்டிய முழுக்கக் கேட்டிருக்கும். பன்றி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பீலிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் மூக்கை வைத்தது. குடித்தது. மூச்சு விட ஒரு கணம் தலையைத் தூக்கியது, மறுபடி குடித்தது. தொண்டை ஏறி இறங்குவது எனக்கு எட்டத்திலிருந்தே தெரிந்தது.

"கட்டு! இப்பக் கட்டு!" என்றார் துரை. தலை குனிந்திருக்கிறது, கயிறு போட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மாமியார் கல்லின் மேலிருந்து, "குடிக்க விடாதீங்க, சன்னி வந்து செத்துரும்" என்று அலறினார். இறைச்சிக்காரர் தன் கயிற்றில் சுருக்குப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அதனால் நான் பன்றியைப் பார்த்தேன்.

ஓடிப் போகிற மிருகம் பீலியில் நிற்காது, தாண்டிப் போய்விடும். இது நின்றது. இரண்டு சினைக்காலமும் கண்டதைத் தின்று கொழுத்த பன்றி, இத்தனை நாளில் முதல்முறையாகத் தனக்கு எது வேண்டும் என்று கதவை உடைத்துச் சொல்கிறது. அது கேட்டது தவிடும் இல்லை, கருப்பட்டியும் இல்லை.

கயிற்றைக் கீழே போட்டேன். பன்றிக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"தொர, குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் அதையும் என்னையும் சேத்தே கட்டுங்க."

துரை சிவந்துபோனார். கைத்தடி உயர்ந்தது. நான் அசையவில்லை. வீரமெல்லாம் இல்லை, அசைந்தால் ஓடிவிடுவேன் என்று பயம். பின்னால் பன்றி குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அது தாடை வழியத் தண்ணீர் சொட்ட நின்றது, ஓர் ஏப்பம் விட்டது, சரிவில் ஏற ஆரம்பித்தது. யாரும் விரட்டவில்லை. இறைச்சி வண்டியைத் தாண்டி, உடைந்த கதவைத் தாண்டி, நேராகக் கொட்டிலுக்குள் போய்த் தன் குட்டிகளைப் பார்த்து ஒருமுறை உறுமியது.

உடனே பால் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தொட்டியைத் திரும்ப உள்ளே வைத்து நிரப்பினேன். அதையும் குடித்தாள். தவிட்டைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக வைத்தேன், அதையும் உறிஞ்சினாள். இறைச்சிக்காரருக்குப் பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தோம். துரை வராந்தாவில் கதிரையைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தாண்டியது. குட்டிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. இறைச்சிக்காரர் இரண்டாவது பிளேன்டீ கேட்டார்.

அப்போது அந்த உறுமல் ஆரம்பித்தது. மடியில் பால் இறங்கும்போது தாய் அடித்தொண்டையில் ஒரே சீராக, வர வர வேகமாக உறுமும். நீங்களும் கேட்பீர்கள். அவள் பக்கவாட்டில் சாய்ந்து மடியைக் காட்டினாள். பதினொரு குட்டியும் இடித்துத் தள்ளிக்கொண்டு தொற்றிக்கொண்டன. கத்தல் மொத்தமாக நின்றது. கொட்டிலில் உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை.

அந்த அமைதியைக் கேட்டுத்தான் துரை எழுந்து வந்தார். வேலியைப் பிடித்துக் குனிந்து ஒவ்வொரு குட்டியாக எண்ணினார். பிறகு இறைச்சிக்காரரிடம், "வண்டி போகலாம்" என்றார். என்னிடம், "கதவு நாளைக்குச் செய். பலமாச் செய்" என்றார். எனக்குக் கொட்டில் கதவோடு எங்கள் வீட்டுக் கதவும் சேர்த்தே கேட்டது. நானா அடுத்த தடவை வந்தபோது விஷயத்தைக் கேட்டு, ஒரு மூட்டை தவிட்டைச் சும்மாவே இறக்கினார். "உள்ளுக்குள்ளவக்கு எங்கட வீட்டுச் சீர்" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவரவருக்குத் தெரிந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு நீங்கள் மிருகத்தைப் பாருங்கள். காலையில் கொட்டிலுக்குள் போனதும் தவிட்டு மூட்டையைத் தொடாதீர்கள், முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்.

இனிப் பாக்கியத்தின் பங்கு. அன்று பொழுது சாயும் முன்னே வீட்டுக்கு ஓடினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அடுப்பில் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தார். நான் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கதவு உடைந்தது, பீலிக்கு ஓடியது, அவள் அம்மா கல்லில் ஏறியது. அதற்கு மட்டும் போர்வைக்குள் சிரித்தாள். நான் கையை விரித்து நின்றதை விரித்தே காட்டினேன். தொட்டித் தண்ணீரைக் குடித்ததும் பால் வந்ததைச் சொன்னேன். வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்.

"பன்னிக்குக் கைய விரிச்சு நின்னீங்க. எனக்கு யாரு நிப்பா?"

எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டேன். மாமியார் கரண்டியோடு திரும்பினார். நான் செம்பைப் பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கும் பாய்க்கும் நடுவே நின்று கையை விரித்தேன். காலையில் துரைக்கு முன்னால் பயந்த அளவுக்கு அப்போதும் பயந்தேன், பொய் சொல்லவில்லை.

மாமியார் என்னைப் பார்த்தார், என் பின்னால் மகளைப் பார்த்தார். பிரசவம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ பெண்களுக்குச் சொன்ன வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்தது தெரிந்தது. வெளியே வந்தது வேறு.

"பச்சத் தண்ணி வேணாம் மருமகனே. அடுப்புல வெந்நி இருக்கு, ஆத்திக் குடுக்கிறேன்."

அவரே ஆற்றினார், அவரே கொடுத்தார். பாக்கியம் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக் கண்ணை மூடிக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, தாடையைத் துடைக்காமலே காலிச் செம்பை அம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னொரு செம்பு" என்றாள்.